சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஊறுகாய் பாட்டிலும் என் வாய்க்கொழுப்பும்

மெட்ராஸ் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், எங்கள் குடியிருப்பில் இருந்த அத்தனை பெண்களும் புடவைப் பட்டியலோடு வந்து நின்றார்கள். நான் புடவை வாங்கப் போகவில்லை, ஐந்து பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கப் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? "பியானோவா? மெட்ராஸிலா? போம்மா, சும்மா கதை விடாதே" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம்.

பினாங்கில் ஒரு சீனர் நடத்திய பியானோ கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். பெட்டியைத் திறந்து, இருநூற்றுச் சொச்சம் கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி, காதால் கேட்டுச் சரிசெய்து மூடுகிற வேலை. தமிழ்ப் பெண் செய்கிற வேலையா இது என்று கேட்காத ஆள் கிடையாது. கொரியாக்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்ய வந்தபோது மனைவி, மக்கள், முட்டைக்கோஸ் ஊறுகாய் எல்லாவற்றோடும் பியானோக்களையும் கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே பிள்ளைகளுக்கு இசை வகுப்பு நடத்திய திருமதி யூன் எங்கள் முதலாளிக்குக் கடிதம் எழுதியிருந்தார். வகுப்பில் ஐந்து பியானோ. இரண்டில் கம்பியைத் தட்டும் சுத்தியல்கள் தேய்ந்துவிட்டன, இங்கே சாமான் கிடைக்கவில்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகளின் கச்சேரி, யாரையாவது அனுப்புங்கள். முதலாளி என்னை அனுப்பினார். "அப்படியே வருஷத்துக்கு இரண்டு முறை நாமே வருவதாகப் பேசி முடித்துவிட்டு வா" என்றும் சொல்லி அனுப்பினார்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ். புதன்கிழமை காலையில் போய் இறங்கினேன். மே மாதம். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த அனல் முகத்தில் அறைந்தது. பக்கத்து அறைகள் எல்லாம் தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள். ஒருத்தன் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது அதே பாயிலிருந்து இன்னொருத்தன் எழுந்து ஷிப்டுக்குப் போவான். பாய் மட்டும் ஓய்வே எடுக்காது. பாவம், குளியலறைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போதும் என்னைப் பார்த்தால் "அக்கா, நீங்க மொதல்ல போங்க" என்று வழிவிட்டார்கள். அந்த மரியாதையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கீழே டீக்கடை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னாக்கா, சாமியாரு மாரி பேசுறீங்கோ? துன்ட்டியான்னு கேளுங்கோ, போதும்."

இட்லியும் வடகறியும் கொடுத்தார். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்குப் பருப்புக் குழம்பை ஊற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். இங்கே போதும் போதும் என்று கையால் இலையை மறைத்தாலும் விரல் இடுக்கில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அந்த வடகறிக்காகவே இன்னொரு தடவை விமானம் ஏறலாம்.

வியாழக்கிழமை வேலை ஆரம்பம். இசை வகுப்பு, கொரியாக் குடும்பங்கள் தங்கியிருந்த வளாகத்தில் ஒரு பெரிய அறை. வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே இருபத்து நாலு மணி நேரமும் ஏசி. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் ஓடும். திருமதி யூன் ஒல்லியான பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். அவருக்கும் எனக்கும் பொதுவானது உடைந்த ஆங்கிலம் மட்டும்தான். அதையே வைத்து எல்லாம் பேசினோம்.

முதல் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றினேன். உள்ளே, மிதிகட்டைக்குப் பக்கத்தில், ஒரு ஊறுகாய் பாட்டில்! மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே பஞ்சு வைத்து, பாதிக்குமேல் தண்ணீர். பியானோவுக்குள் தண்ணீர்! பினாங்கில் நாங்கள் தண்ணீரைக் கண்டால் பேயைக் கண்ட மாதிரி ஓடுவோம். அங்கே காற்றே ஈரம். கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதும், பூஞ்சை பூக்கும். புதுப் பியானோ விற்கும்போதே உள்ளே ஒரு சூட்டுக் கம்பியைப் பொருத்தி, பிளக்கில் சொருகி, ஆயுள் முழுக்க எரியவிடுவோம். அதுதான் எனக்குத் தெரிந்த வேதம்.

இரண்டாவது பியானோவிலும் பாட்டில். ஐந்திலும் பாட்டில். அதில் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு போய்த் திருமதி யூன் முன்னால் வைத்தேன்.

"யார் செய்த வேலை இது? பியானோவைக் கொல்லப் பார்த்திருக்கிறான்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வருஷமாக ஒரு உள்ளூர்க்காரர் வந்து பார்த்துக்கொள்கிறார் என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே இன்றும் காதில் கேட்கிறது. அவரும் என்னோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்த ஆளை இனி வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அது யார், பெயர் என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஐந்து பாட்டில்களையும் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டு, நான் கொண்டுவந்திருந்த சூட்டுக் கம்பிகளைப் பொருத்தினேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சுத்தியல் மாற்றி, ஐந்துக்கும் சுருதி சேர்த்து முடித்தேன். திருமதி யூன் அவரே போட்ட கிம்ச்சியும், அதுதான் அந்த முட்டைக்கோஸ் ஊறுகாய், சோறும் கொடுத்தார். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் வாய் விடவில்லை.

சனிக்கிழமை ஓய்வு. செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்க்கலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆறு பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினோரு பேர், இரண்டு கோழி, ஒரு மின்விசிறி. பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. கோழி வைத்திருந்த அம்மாள் எனக்கு வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் பேருந்து ஐந்து நிமிஷம் தாமதமானால் பத்திரிகைக்கே எழுதிப் போட்டுவிடுவோம்.

ஏரிக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த மண். ஆட்டோக்காரர் சிரித்தார்.

"தண்ணி எங்கம்மா கீது? மாடு மேஞ்சிகினு கீது பாரு. மழ வந்தா வா, கடலு மாரி இருக்கும்."

வெடித்துக் கிடந்த மண்ணில் நின்றுகொண்டு, வெடித்த என் உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். இரண்டு நாளாகத் தடவிக்கொண்டுதான் இருந்தேன். தோலுக்கு வந்தது மரத்துக்கும் வரும் என்று இந்த மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் நான் எதிர்பார்த்திருந்த நாள். வேப்பேரியிலிருந்து ஆல்பர்ட் சார் என்கிற பியானோ ட்யூனர், நான் வருவது தெரிந்து எனக்கு முன்னாலேயே எழுதியிருந்தார். அங்கங்கே தனித்தனியாக வேலை பார்க்கிற ட்யூனர்கள் ஆறேழு பேர் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிறோம், இந்த முறை உங்களுக்காக சுங்குவார்சத்திரத்திலேயே வைத்துக்கொள்கிறோம், வந்து பேசுங்கள் என்று. லாட்ஜ் மொட்டைமாடிக் கொட்டகையில் கூடினோம். பாண்டிச்சேரி, திருநெல்வேலி, பெங்களூர் என்று பல ஊரிலிருந்து ஏழு பேர்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட குணம் உண்டு. தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டோம். ஒருத்தர் வேலை செய்யும்போது இன்னொருத்தர் வந்தால் பலகையை மூடிவிடுவோம். அதை உடைக்க ஆல்பர்ட் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொருத்தரும் தன் கையால் செய்த கருவி ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்கலாம். வைத்தவர் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்துச் செய்த கொக்கி ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. பின்வரிசையில் இருந்த கறுத்த, மெலிந்த ஆள் எழுந்து அதைப் பிடிக்கும் விதத்தைச் செய்து காட்டினார். பெயர் ஜெபராஜ், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கார் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை, ஓய்வு நேரத்தில் ட்யூனிங். இருபது வருஷத்தில் இப்படி ஒரு வேலைக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மனசு அப்படிக் குளிர்ந்துபோயிருந்தது.

பிறகு என் பேச்சு. தலைப்பே சூட்டுக் கம்பி. கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று ஊறுகாய் பாட்டில் கதையை எடுத்துவிட்டேன். "திறந்து பாக்கிறேன், உள்ள பாட்டில்ல தண்ணி! நல்ல வேள, மீன் விடல!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாண்டிச்சேரிக்காரர் மேஜையைத் தட்டினார்.

சிரிப்பு அடங்கியதும் ஜெபராஜ் எழுந்தார்.

"அது நான் வச்சதுதான் மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தவும் இல்லை. நான் சொன்னது சரி என்றுதானே அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்?

சாப்பாட்டின்போது ஆல்பர்ட் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெபராஜை அங்கே காணவில்லை.

"அவன் அடுத்த மாசம் கம்பெனிய வுட்டுட்டு முழுசா இந்த வேலைக்கே வர்றதா இருந்தான் மேடம். அந்த கொரியாக்காரம்மா மத்த வூடுங்களுக்கும் சொல்லி வுடுறேன்னு சொல்லிருந்தாங்க. அத நம்பித்தான். இப்ப அதுவும் போச்சு."

இலையை மூடினேன். தப்பு செய்தவன் அனுபவிக்கிறான், நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை காலை, கச்சேரிக்கு முன் கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று போனேன். முதல் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினேன். சுருதி இறங்கிக் கிடந்தது. சுருதி காட்டும் கருவியில்தான் கோளாறு என்று புது பேட்டரி வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே. அடுத்த பியானோவில் அதைவிட மோசம். கம்பி சுற்றியிருக்கும் ஆணிகளில் நான்கைந்து தளர்ந்து, முறுக்குச் சாவியைப் போட்டால் பிடிப்பே இல்லாமல் சுற்றின. மரம் காய்ந்து சுருங்கினால்தான் ஆணி இப்படித் தளரும்.

கீழ்ப் பலகையைக் கழற்றித் திருப்பினேன். உள்பக்கம் பென்சிலில் ஏதோ கிறுக்கல். வியாழக்கிழமையே பார்த்தேன், படிக்கத்தான் இல்லை. இப்போது தரையில் உட்கார்ந்து படித்தேன். மாதாமாதம் தேதி, பக்கத்தில் காற்றின் ஈரப்பதம் இவ்வளவு என்று ஒரு எண். ஐப்பசி மழையில் எண் ஏறியிருந்தது. எதிரே, "பாட்டில் எடுத்தாச்சு". மாசிக்குப் பிறகு எண் இறங்கிக்கொண்டே வந்தது. எதிரே, "ஏசி நிறுத்துறதே இல்ல. பாட்டில் வச்சாச்சு." இரண்டு வருஷத்துக் கணக்கு. பெயின்ட் பிரிவில் ஈரப்பதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வண்டிக்கு நிறம் அடிப்பார்களாம். அந்த மனிதர் அங்கே கற்றதை இங்கே செய்திருக்கிறார். காய்ந்து கிடந்த அறையில் தண்ணீரை எடுத்து எறிந்துவிட்டு அடுப்பு மூட்டி வைத்தவள் நான்தான்.

ஐந்து சூட்டுக் கம்பிகளையும் பிடுங்கினேன். நேராகத் திருமதி யூனிடம் போய், அந்த ஆள் செய்தது சரி, நான்தான் மடத்தனம் செய்துவிட்டேன் என்றேன்.

"நீங்கள் சிரித்தீர்கள். அதனால் நானும் சிரித்தேன். அவர் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை" என்றார். பிறகு, "போய் அழைத்து வாருங்கள். அவர் வருவாரா என்று தெரியவில்லை" என்றார்.

இரண்டரை மணிக்கு ஷிப்ட் விடும் நேரம் பார்த்துத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். நீலச் சட்டைகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. நடுவில் டிபன் பையோடு ஜெபராஜ். என்னைப் பார்த்ததும் நின்றார். நான் மூச்சுவிடாமல் கொட்டினேன்: சுருதி இறங்கியது, ஆணி தளர்ந்தது, பென்சில் எழுத்து, நாளைக்குக் கச்சேரி, திருமதி யூன் வரச் சொன்னது, எல்லாம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆணி எத்தன தளந்திருக்கு?"

"அஞ்சு பியானோவிலயும் சேத்து இருபதுக்கு மேல."

"அப்ப நாளைக்கும் ஆள் வேணும். எனக்கு ஒரு சி-ஆஃப் லீவு பாக்கி இருக்கு, சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டு வாரேன், நில்லுங்க."

அன்று மாலையும் மறுநாள் பகலும் சேர்ந்து வேலை பார்த்தோம். உப்புத்தாளைச் சுருட்டி ஆணிக்குழிக்குள் வைத்துப் பிடிப்பு வரவைக்கும் விதத்தை அவர் எனக்குக் காட்டினார். சுத்தியலின் கம்பளியை ஊசியால் குத்தி ஓசையை மெதுவாக்கும் விதத்தை நான் அவருக்குக் காட்டினேன். இரண்டு பேரும் பலகையை மூடவில்லை. அவருக்கு என்னைவிட நல்ல காது. உயர்ந்த சுரங்களில் நான் சரி என்று விட்டதை அவர் தலையை ஆட்டி, "இன்னும் ஒரு பொட்டு" என்பார். திரும்பக் கேட்டால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்த நாட்கள் குறைவு. கடை, முதலாளி, பினாங்கு எல்லாம் இப்போது பழைய கதை ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளுக்கு மட்டும் மனசு இன்னும் ஏங்குகிறது.

செவ்வாய் மாலை கச்சேரி நன்றாக நடந்தது. ஒரு பிள்ளை நடுவில் மறந்து அழுதது, அதற்கும் கை தட்டினார்கள். முடிந்ததும் திருமதி யூன் வகுப்பறைச் சாவியை இரண்டு கையாலும் ஜெபராஜிடம் கொடுத்துத் தலை வணங்கினார். மற்ற வீடுகளுக்கும் நீங்களே வர வேண்டும் என்றார். நான் எங்கள் முதலாளிக்குப் போன் செய்து, வருஷத்துக்கு இரண்டு முறை நாம் வரத் தேவையில்லை, இங்கே ஆள் இருக்கிறார் என்றேன். அவர் ஹொக்கியன் மொழியில் என்னைத் திட்டியதை எழுத முடியாது.

எட்டு மணிக்கு எனக்கு விமான நிலையத்துக்குக் கார். லாட்ஜ் வரை ஜெபராஜ் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இப்ப சந்தோஷம்தானே?" என்று கேட்டேன்.

"சந்தோஷந்தான் மேடம். ஆனா ஞாயித்துக்கெழம அத்தன பேரு சிரிச்சாங்கல்லா. சிரிச்சபடியேதான ஊருக்குப் போயிருக்காங்க. என் தொழில்காரங்க அவங்கதான்."

சுருக்கென்றது. மணி ஆறரை. லாட்ஜுக்குக் கீழே எஸ்டிடி பூத். ஆல்பர்ட் சார் தந்திருந்த நம்பர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பூத்தின் கதவு மூடாது. ஜெபராஜ் பெட்டியோடு வெளியே நின்றார்.

முதலில் ஆல்பர்ட் சாரைக் கூப்பிட்டு, பாட்டில்தான் சரி, நான் சொன்னதுதான் தப்பு என்றேன். அவர், "இத அடுத்த கூட்டத்துலயும் நீங்களே வந்து சொல்லணும் மேடம்" என்றார். வருகிறேன் என்றேன். பாண்டிச்சேரிக்காரர், "அய்யய்யோ, நானும் ஒரு பங்களாவுல ஜாடி வச்சிருந்தேன். நீங்க பேசினத கேட்டுட்டு நேத்திக்குத்தான் ஒடச்சிப் போட்டேன்!" என்று அலறினார். பெங்களூர்க்காரர் வீட்டில் இல்லை. அவர் மனைவி எடுத்தார்.

"ஊறுகாய் பாட்டில் சரி, மேடம் தப்பு. இப்பிடியே சொன்னா அவருக்குப் புரியுமா?"

"நல்லாப் புரியும்மா. இப்பிடியே சொல்லுங்க."

அடுத்த இரண்டு பேரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாகத் திருநெல்வேலிக்காரர். "சர்ச் பியானோவுக்குள்ள சூட்டுக்குன்னு குண்டு பல்பு மாட்டி எரியவிட்டுட்டு வந்திருக்கேன் மேடம்! ஏசி ஹால் வேற! இருங்க, போய் அணைக்கேன்" என்று, நான் வைக்கிறேன் என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

வியர்வையில் நனைந்துபோய் வெளியே வந்தேன். சாலையில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெரிய வேலையை முடித்துவிட்ட நிம்மதி எனக்கு.

"ஆறு பேருக்கும் சொல்லிட்டேன். நான் செஞ்சது தப்புன்னு ஒளிக்காம சொல்லிட்டேன்."

"கேட்டுட்டுதான மேடம் நின்னேன்" என்றார் ஜெபராஜ். பெட்டியைக் கீழே வைத்தார். "எங்கிட்ட இன்னும் சொல்லலியே."

எனக்கு முகம் எரிந்தது. தொழிற்சாலை வாசலில் எல்லாவற்றையும் கொட்டினேன், இதைக் கொட்டவில்லை. இரண்டு நாள் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை பார்த்தும் சொல்லவில்லை. அந்த டீக்கடை வாசலில், பஸ் இரைச்சலில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.